யாரும் எடுக்காத போன்: மைக் ஆட்டோவில் என் 2004

இப்போது விளம்பர ஆட்டோவில் ஆள் உட்கார்ந்து பேசுவதில்லை. ஸ்டுடியோவில் பேசிப் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு ஓட விடுகிறார்கள். என் காலத்தில் வண்டியில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேச வேண்டும். பாண்டி டவுனில் மைக் பாய் என்றால் அது நான்தான். தொண்டை கெட்டுப்போனதும் தொழிலை விட்டுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வந்த தம்பிகள் சிலர் எழுதித் தரச் சொன்னதால், ஒரு வருடத்துக் கதையை மட்டும் எழுதுகிறேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. மேட்டர்

நாங்கள் படிக்க வேண்டியதை எழுதிக் கொடுக்கும் தாளுக்கு மேட்டர் என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு ஜவுளிக்கடை மேட்டர். ஆடித் தள்ளுபடி என்று இருந்ததை, கேட்க நன்றாக இருக்கட்டுமே என்று, அள்ள அள்ளக் குறையாத ஆடித் தள்ளுபடி என்று சொல்லிவிட்டேன். எங்கள் மைக் செட் கடை முதலாளி பின்னாலேயே சைக்கிளில் வந்து வண்டியை நிறுத்தினார்.

"யோவ் பாய், குறையாதுன்னு உனக்கு யாருய்யா சொன்னது? நாளைக்கு ஒருத்தன் வந்து ஸ்டாக் இல்லையான்னு கடைக்காரன் சட்டையைப் பிடிச்சா நீ போய் நிப்பியா? மேட்டர்ல இருக்கறதைப் படி. உன் வாய்தான் வாடகைக்கு. புத்தி வீட்லயே இருக்கட்டும்."

அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டேன். பிறகு சொந்தமாக ஆம்ப்ளிஃபையரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி, என் மனைவியின் தம்பி காதரின் ஆட்டோவில் கட்டினேன். அவன் ஓட்டுவான், நான் பேசுவேன். யார் எதைக் கொடுத்தாலும் எழுத்து மாறாமல் படிப்பேன்.

ஆனாலும் மனதில் ஓர் உறுத்தல். ஒரே வாயால் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்பது பாவமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "பொய்னு தெரிஞ்சே சொல்றீங்களா?" என்றார். "தெரியாதுங்க ஹஜ்ரத். எது உண்மை, எது பொய்னு எனக்கு எங்க தெரியுது?" என்றேன். "அப்ப ஜாக்கிரதையா இருங்க" என்று மட்டும் சொன்னார். எதில் ஜாக்கிரதை என்று நானும் கேட்கவில்லை.

2. கொடி ஒன்று, குரல் ஒன்று

2004 குடியரசு தின அறிவிப்போடுதான் ஆரம்பித்தது. அடுத்து போலியோ சொட்டு மருந்து. அதன் பிறகு நாடாளுமன்றத் தேர்தல். வெயில் காலம். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் இன்னொரு கட்சி. 'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு கேட்கும்போதுகூட அதுதான் வாயில் வந்தது.

கட்சிக் கொடிகளைக் காதர் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பான். ஒரு நாள் கடலோர மீனவர் பகுதியான வைத்திக்குப்பத்துக்குள் போகும்போது மாற்ற மறந்துவிட்டான். நான் ஒரு கட்சிக்குப் பேசுகிறேன், வண்டியில் எதிர்க்கட்சிக் கொடி பறக்கிறது. மீன் விற்கும் பெண்கள் எல்லாம் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதில் செல்லம் என்று ஒரு அக்கா. புருஷன் போய் ரொம்ப வருடம். ஏழுமலை என்று ஒரே பையன். நாக்கு மட்டும் பச்சை மிளகாய்.

"இன்னா பாய், கொடி ஒருத்தனுது, குரல் ஒருத்தனுது. நான் ஓட்டை யாருக்குப் போடறது, காதருக்கா?"

"போடு அக்கா. நான் ஜெயிச்சா உனக்கு டில்லியில மீன் கடை வச்சுத் தரேன்" என்றான் காதர்.

தேர்தல் முடிவு வந்தபோது, ஜெயிப்பார்கள் என்று பேப்பர்கள் எழுதிய கட்சிக்காரர்கள் தோற்றுப் போனார்கள். டில்லியில் ஆட்சி மாறியது. ஜெயித்த கட்சியிலிருந்து இனிப்பு வழங்கும் விழா என்று ஒரு மேட்டர் வந்தது. அதில் அடுத்த பிரதமர் என்று ஒரு பெயர் போட்டிருந்தது. உழவர்கரை வரைக்கும் போய் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் அவர்களே கூப்பிட்டு, "பாய், அந்தப் பேரைச் சொல்லாதே, வேற ஒருத்தர் வராராம்" என்றார்கள். பிறகு இன்னொரு பெயரோடு அதே தெருக்களில் போனேன். முதலில் சொன்னது என்ன ஆயிற்று என்று சொல்ல மேட்டரில் ஒரு வரியும் இல்லை. நானும் சொல்லவில்லை.

வைத்திக்குப்பத்தில் செல்லம் அக்கா வண்டியை மறித்தாள். "நேத்து ஒரு பேரு, இன்னைக்கு ஒரு பேரு. நாளைக்கு வந்து உன் பேரைச் சொன்னாலும் சொல்லுவே. டேய் காதரு, இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மோர் குடு."

3. இரண்டு லீவு

ஆகஸ்ட் மாதம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு பாத்திரக்கடை மேனேஜர் என்னை வரச் சொன்னார். பதினைந்தாம் தேதி சுதந்திர தினச் சலுகை, பதினாறாம் தேதி கடை வழக்கம்போல என்று மேட்டர். "சார், இங்க பதினாறும் லீவு" என்றேன்.

"அது எதுக்குங்க?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நாடு முழுக்க சுதந்திரம் வந்தபோது நாங்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தோம். அவர்கள் ஐம்பத்து நாலில் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சட்டப்படி ஒப்படைத்தது அறுபத்து இரண்டில். அதற்குத்தான் பதினாறாம் தேதி.

மேனேஜர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்ப நடுவுல எட்டு வருசம் நீங்க யாருங்க?"

காதர்தான் பதில் சொன்னான்: "மைக் செட் மாதிரி சார். ஒயரைப் பிடுங்கி வேற ஒயர் சொருகறதுக்குள்ள கொஞ்ச நேரம் கரகரங்கும்ல, அதான்."

மேனேஜர் சிரித்துவிட்டு மேட்டரைத் திருத்தினார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி பல நாள் மண்டைக்குள் ஓடியது.

4. டிசம்பர்

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் முன்னாள் பிரதமர் ஒருவர் காலமானார். அரசு துக்கம். விழா ரத்து, விழா தள்ளிவைப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுனாமியில் கடல் உள்ளே வந்தது.

பீச் ரோட்டில் கல் சுவர் தடுத்துவிட்டது. வடக்கே குப்பங்களில் தடுக்க ஒன்றும் இல்லை. வைத்திக்குப்பத்தில் படகுகள் வீட்டுக் கூரைமேல் கிடந்தன. வலையெல்லாம் மண்ணோடு சுருண்டுவிட்டது. நான் பார்த்ததை எல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. அடுத்த நாட்களில் வாடகை வாங்காமல் ஓட்டினோம். எங்கே சாப்பாடு, எங்கே டாக்டர், எந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று, வருகிற மேட்டரை எல்லாம் படித்தேன்.

செல்லம் அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஏழுமலை நாகப்பட்டினம் பக்கம் லாஞ்சு என்னும் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பக்கம் நிலைமை இதைவிட மோசம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

குப்பத்துக்கு நுழையும் இடத்தில் தனசேகர் என்பவரின் எஸ்டிடி பூத். ஏழுமலைக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். அக்கா பூத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள்தான். போன் அடித்தால் தனசேகர் கைக்கு முன்னால் அவள் கை போகும். யார் வீட்டுக்கோ வந்த போனாக இருக்கும். பெயரை மட்டும் கேட்டுவிட்டு, ஆளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு மறுபடி உட்காருவாள். நான் வண்டியில் போகும்போதெல்லாம், "பாய், குழாயை அந்தாண்ட திருப்பிக்கோ, காதே கேக்கலை" என்பாள். வேறு ஒன்றும் பேசுவதில்லை. அவள் திட்டாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

5. வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலை நிவாரண வேலை பார்த்த ஒரு ஆபீசர் ஓடி வந்து வண்டியை நிறுத்தினார். சின்னத் தாளில் கையால் எழுதிய மேட்டர். கடல் மறுபடி பொங்கக்கூடும், கரையோர மக்கள் உடனே வெளியேறி முத்தியால்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

"சார், இது யார் சொன்னது?" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு மேட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படி நான் கேட்டதில்லை.

"மேலேருந்து வந்திருக்கு பாய். டில்லியிலேருந்து. கேள்வி கேக்க நேரமா இது?"

காதர் வண்டியைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினான். "மச்சான், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவாங்க. நம்ம வண்டி மட்டும் கடலைப் பார்த்துப் போகணுமா?"

"சொல்லாம விட்டுட்டு ஏதாவது ஆச்சுன்னா அல்லாவுக்கு என்னடா பதில் சொல்றது? ஓட்டு" என்றேன்.

குப்பத்துக்குள் போனோம். பிஸ்மில்லாஹ் என்று மைக்கைப் போட்டேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே..."

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஆள், "இப்பவும் ஓட்டு கேக்க வந்துட்டானுங்கடா" என்று கத்தினார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அங்கே நான் கேட்ட முதல் சிரிப்பு. நான் தொண்டையைச் சரி செய்துகொண்டு மேட்டரைப் படித்தேன். சிரித்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பானையைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் வெறும் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு. தனசேகர் பூத் ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினார்.

செல்லம் அக்கா மட்டும் ஸ்டூலில் இருந்தாள்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். "அக்கா, எழுந்திரு."

"நான் போய்ட்டா போனை யாரு எடுப்பா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நீ காதரோட போ. நான் உட்கார்ந்து எடுக்கறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீ சாவறதுக்கு ரெடியா வந்தியா? இல்ல, தண்ணி வராதுன்னு உனக்குத் தெரியுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு பாய்."

தண்ணீர் வரும் என்று நம்பித்தான் ஊரை விரட்டினேனா? நம்பினால் நான் எப்படி அங்கே உட்கார முடியும்? நம்பாவிட்டால் எதற்கு விரட்டினேன்? வீட்டில் வைத்த புத்தி அப்போது கைக்கு எட்டவில்லை.

காதர்தான் வண்டியிலிருந்தே கத்தினான். "யக்கா! ஏழுமலை திரும்பி வந்து யாரைத் தேடுவான்? போனையா, உன்னையா?"

அவள் எழுந்தாள். நானும் ஏறினேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவள், காதர் கியர் போட்டதும் என் கையைப் பிடித்தாள்.

"பாய், மைக்கை நிறுத்து. போன் அடிச்சா கேக்காது."

நிறுத்தினேன். காதரும் என்ஜினை அணைத்தான். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த சந்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும். போன் அடிக்கவில்லை. எத்தனை நேரம்தான் காத்திருப்பது? நான் மறுபடி மைக்கைப் போட்டேன். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலையை வெளியே நீட்டிப் பூத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

6. மேட்டர் இல்லாத பேச்சு

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு, வராந்தா, மரத்தடி எல்லாம் ஜனம். செல்லம் அக்கா உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். மத்தியானம் தாண்டியும் தண்ணீர் வரவில்லை. எதிர் டீக்கடை டிவியில், பயப்பட வேண்டாம், ஆபத்து இல்லை என்று சொல்வதாக ஒருவர் வந்து சொன்னார். இன்னொருவர் வந்து, அது வேறு ஊருக்குச் சொன்னது என்றார். மூன்றாவது ஆள், தண்ணீர் வடக்கே கனகசெட்டிக்குளத்துக்கு வந்துவிட்டது என்றார். அங்கிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், "எங்க வந்துது? நான் அங்கேருந்துதான் வரேன்" என்று சண்டைக்குப் போனார்.

எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பாய், நீதானே கூட்டியாந்தே. போலாமா வேணாமா, நீயே சொல்லு."

ஆபீசரைத் தேடிப் போய்க் கேட்டேன். பாவம், அவரும் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "டிவியில சொல்றாங்கதான். ஆனா எனக்கு உத்தரவு வரணும்ல பாய்? வந்ததும் மேட்டர் தரேன்" என்றார்.

அஸர் தொழுகை நேரம், பிற்பகல். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுதேன். கேள்விப்பட்டதை விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது எங்கள் மார்க்கத்தில் சொல்லியிருப்பது. ஆனால் விசாரித்தாலும் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது? யா அல்லாஹ், ஒரு வழியைக் காட்டு என்று கையேந்தினேன். எழுந்தபோதும் குழப்பம் அப்படியேதான் இருந்தது. ஒன்று மட்டும் தோன்றியது. குழப்பமாக இருக்கிறது என்பதுதான் அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

வண்டியில் ஏறி மைக்கைப் போட்டேன்.

"மைக் பாய் பேசறேன். தண்ணி வருமா வராதா, எனக்குத் தெரியாது. காலையில ஆபீசர் குடுத்ததைப் படிச்சேன். இப்ப ஆபத்து இல்லைன்னு டிவியில சொல்றதா சொல்றாங்க, நான் பார்க்கலை. ஆபீசருக்கு இன்னும் உத்தரவு வரலை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு மைக்கு ஒரு கேடா?"

செல்லம் அக்கா கேட்டுக்கு வெளியே எழுந்து நின்று சேலையைத் தட்டினாள். "இந்த வருசம் பூரா இவரு கத்தனதுல இது ஒண்ணுதான்டா எனக்குப் புரிஞ்சுது. காதரு, வண்டியை எடு. நான் பூத்துக்குப் போறேன்."

சில பேர் அங்கேயே தங்கினார்கள். சில பேர் எங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். பொழுது சாயும்போதுதான் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. பூத்தில் போன் வைத்தது வைத்தபடியே இருந்தது. அன்றைக்கு அது அடிக்கவில்லை. அடுத்த நாளும் ஏழுமலையிடமிருந்து ஒன்றும் இல்லை.

7. மொட்டை

சனிக்கிழமை. புது வருடம் பிறந்திருந்தது. யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. பூத் பக்கம் நாங்கள் வண்டியை நிறுத்தியிருந்தபோது, ஒரு லாரியிலிருந்து மொட்டைத் தலையோடு ஒரு பையன் இறங்கினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. செல்லம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஸ்டூலிலிருந்து எழுவதற்குள் அவன் அவளைப் பார்த்துவிட்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

அவள் கிட்டே போய் அவன் தலையைத் தடவினாள். "யாருக்குடா போட்டே? யாருடா போய்ட்டாங்க?"

லாரியில் கூட வந்தவர்தான் பதில் சொன்னார். நாகையில் லைன் கிடைக்கவே இல்லையாம். வியாழக்கிழமைதான் ஒரு பூத்தில் வரிசையில் நின்று கிடைத்ததாம். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டான், அடித்துக்கொண்டே இருந்தது. எந்நேரமும் ஆள் இருக்கும் பூத். குப்பமே போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டான். மறுநாள் அங்கே கரையில் உறவைப் பறிகொடுத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவனும் அம்மாவுக்கென்று போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பூத்தைக் காலியாக்கியது என் குரல். ஒருவேளை நான் மறுபடி மைக்கைப் போட்ட பிறகுதான் போன் அடித்ததோ என்னவோ. எங்கள் சத்தத்தில் கேட்காமல் போயிருக்குமோ? பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரமோ? அவனுக்கு மணி நினைவில்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

செல்லம் அக்கா அழுது முடித்ததும் பழைய நாக்கு திரும்பி வந்துவிட்டது. "போன் எடுக்கலைன்னா ஆத்தாளுக்குக் கருமாதியா? ஒரு நாள் பொறுக்க முடியலையாடா உன்னால?" என்று அவன் முதுகில் இரண்டு போட்டாள். அதற்குள் மொட்டையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, யார் தவறினது என்று துக்கம் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாய், எத்தினி பேருக்கு நான் பதில் சொல்றது? மைக்கைப் போடு. நான் சாவலைன்னு சொல்லு."

போட்டேன்.

"வைத்திக்குப்பம் ஜனங்களே, மைக் பாய் பேசறேன். செல்லம் அக்கா உயிரோட இருக்காங்க. ஏழுமலை வந்துட்டான். மொட்டை தெரியாம போட்டது. துக்கம் கேக்க யாரும் வர வேண்டாம். வந்தா டீ உண்டு, காதர் செலவு."

தூரத்தில் படகைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் கையை வாயில் குவித்துக் கத்தினார். "பாய்! இது யாரு குடுத்த மேட்டரு?"

"யாரும் குடுக்கலை. நானே பார்த்துட்டு நிக்கிறேன்" என்றேன், மைக்கிலேயே.

அந்த வியாழக்கிழமை ஊரை ஓடச் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. தண்ணீர் வந்திருந்தால் சரி என்பார்கள். வரவில்லை, அந்தப் பையனின் மொட்டைத் தலையைத்தான் பார்க்க வேண்டி வந்தது. நாளைக்கே அப்படி ஒரு மேட்டர் வந்தாலும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தம்பி, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, உனக்குத் தெரியாதது எது என்பதையும் சேர்த்துச் சொல். முதலில் சொன்னது மாறிப்போனால், அதே தெருவுக்குத் திரும்பப் போய் மாறிவிட்டது என்றும் சொல். ஓடச் சொன்ன குரலே திரும்பி வரலாம் என்றும் சொல்லட்டும் என்று ஜனம் காத்துக்கொண்டிருக்கும்.